பழைய கன்ட்ரி (அமெரிக்கக் கிராமியச் சாயல் இசை), பாப் பாட்டுகளில் உணர்ச்சி எங்கே ஒளிந்திருக்கிறது: கேட்டுப் பிடிக்கும் முறை

முதலில் பல்லவியை ஒதுக்கி வையுங்கள். அது மனதில் ஒட்டிக்கொள்வதற்காக எழுதப்படுவது. நடந்தது என்ன என்பது பெரும்பாலும் சரணங்களில்தான் இருக்கும். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேட்டு, மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: பேசுவது யார், யாரிடம், எந்தத் தறுவாயில்?

பலர் தடுக்கி விழுவது மூன்றாவதில்தான். கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் 1973-ல் எழுதிய ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ (என்றும் உன்னைக் காதலிப்பேன்) கல்யாண மேடைகளில்கூட ஒலிக்கிறது. பல்லவியை மட்டும் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் முதல் வரியிலேயே பாடுபவர் கிளம்பத் தயாராகிவிட்டார். தன்னை வளர்த்துவிட்ட பாடகர் போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியை விட்டு விலகும்போது பார்ட்டன் எழுதிய விடைபெறல் அது.

அடுத்து, தலைப்பைத் தாளில் எழுதி அதற்கு என்ன பொருள் என்று ஊகித்துவிட்டு, ஒவ்வொரு சரணம் முடிந்ததும் அந்தப் பொருளைத் திருத்துங்கள். கன்ட்ரி பாட்டின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். ஜார்ஜ் ஜோன்ஸ் 1980-ல் பாடிய ‘ஹீ ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே’ (இன்று அவளைக் காதலிப்பதை நிறுத்திவிட்டான்) என்ற தலைப்பைக் கேட்டால், ஒருவன் பழைய காதலை ஒருவழியாக மறந்துவிட்டான் என்றே நினைப்போம். பல்லவி வந்ததும்தான் அவன் செத்துப்போனான் என்று தெரிகிறது. சாவு ஒன்றுதான் அந்தக் காதலை நிறுத்தியிருக்கிறது. சொல்பவன் காதலன்கூட இல்லை, பக்கத்திலிருந்து பார்த்த ஒருவன். அதனால்தான் அந்தக் குரல் அழாமல் தகவல் சொல்வதுபோல் போகிறது, ஓரிடத்தில் மெட்டையே விட்டுவிட்டுப் பேசுகிறது. அந்த அடக்கம்தான் கேட்பவரை அழவைக்கிறது.

உணர்ச்சியின் பெயரைச் சொல்லாத வரிகளுக்கு அடிக்கோடிடுங்கள். ஹாங்க் வில்லியம்ஸின் 1949 பாட்டான ‘ஐ’ம் சோ லோன்சம் ஐ குட் க்ரை’யில் தனிமையைச் சுமப்பவை இரவுப் பறவை, நள்ளிரவு ரயில், மேகத்துக்குப் பின்னால் போகும் நிலா. அகப்பாடல் படித்தவர்களுக்கு இது பழகிய வித்தை: கருப்பொருளைக் காட்டி உரிப்பொருளை உணர்த்துவது.

பிறகு வரிகளை மூடிவிட்டு இசையை மட்டும் கேளுங்கள். சொல்லும் மெட்டும் முரண்படுகிற இடம் அகப்பட்டால் விடாதீர்கள். ‘போலீஸ்’ என்ற இசைக்குழுவின் ‘எவ்ரி ப்ரெத் யூ டேக்’ (1983) ஐம்பதுகளின் இனிப்பான காதல் பாட்டுகளுக்குரிய கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) வரிசையில் நகர்கிறது. வரிகளோ பிரிந்துபோனவளின் ஒவ்வொரு அசைவையும் வேவு பார்க்கின்றன. மெட்டை மட்டும் நம்பினால் பொறாமை பக்தியாகத் தெரியும்.

பாடகரின் வாழ்க்கையை வரிகளுக்குள் திணிக்கும் முன் எழுதியவர் யார் என்று பாருங்கள். பாட்சி க்ளைன் பாடிய ‘க்ரேஸி’ (1961) வில்லி நெல்சன் எழுதியது.

நேரமிருந்தால் ஒரே பாட்டை இரண்டு குரலில் அடுத்தடுத்துக் கேளுங்கள். ‘ஹர்ட்’டை நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற ராக் குழு 1994-ல் வெளியிட்டபோது அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் இளைஞனின் குரல். கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 2002-ல் எழுபது வயதில் பாடியபோது வாழ்ந்து முடித்தவரின் கணக்குவழக்கு ஆகிவிட்டது. அவர் வரியில் செய்த மாற்றம் சிறியது: கிரீடத்தோடு வந்த ஒரு கொச்சைச் சொல்லை எடுத்துவிட்டு அதை முள்கிரீடம் ஆக்கினார்.