கோட்டில் விழுந்த சுருக்கமும் ஒரு கைக்குட்டையும்

தங்கை மகன் கல்யாண விருந்துக்காக பினாங்கில் தைத்த கோட். போட்டுப் பார்த்தால் வலது பக்கம் மட்டும் கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக ஒரு சுருக்கம்.

டோபியிடம் கொடுத்து நீராவி இஸ்திரி போட்டேன், மாட்டிய உடனே திரும்ப வந்துவிட்டது. தைத்த கடையில் "தொப்பைக்கு இறுக்கமா இருக்குண்ணே" என்று பக்கத் தையலை அரை அங்குலம் தளர்த்தினார்கள், சுருக்கம் போகாமல் கோட் சாக்கு மாதிரி ஆனதுதான் மிச்சம். பொத்தானைக் கழற்றிவிட்டாலும் சுருக்கம் நிற்கிறதே, அப்புறம் எப்படி இறுக்கம் காரணமாகும்? அது எனக்கு உறைக்கவே ஐந்து நாள்.

கடைசியில் லெபு பினாங் தெருவில் ஒரு வயதான தையற்காரர். டேப்பை எடுக்கவே இல்லை, என்னை நேராக நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தார். "தம்பி, வலது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கு." தன் கைக்குட்டையை மடித்து கோட்டுக்குள் அந்தத் தோளில் வைத்தார், சுருக்கம் காணாமல் போனது! வலது பக்கத் தோள் பஞ்சில் மட்டும் அரை சென்டிமீட்டர் கூட்டி, தளர்த்திய தையலை இடுப்பில் லேசாகப் பிடித்தார். தொப்பை உள்ளவனுக்கும் இடுப்பில் கொஞ்சம் வளைவு இருந்தால்தான் தோள் அகலமாகத் தெரிகிறது, தொளதொள என்று விட்டால் முழு உடம்பும் தொப்பையாகத் தெரியும்.

பொத்தானையும் தொப்புளுக்கு மேலே ஏற்றக் கேட்டேன். துளை வெட்டியாச்சு, இனி நகராது என்றார்.