வருவாய் குறையும்போது பள்ளி பட்ஜெட்டில் செய்யக் கூடாத தவறுகள்

அமெரிக்காவில் வெர்மாண்ட் தவிர மற்ற மாநிலங்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் வரவுக்குள் செலவை அடக்கியாக வேண்டும் என்பது சட்டம். வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசைப் போல ஆண்டுக்கு ஆண்டு கடன் வாங்கிச் சம்பளம் போட முடியாது. வருமான வரியும் விற்பனை வரியும் சரிந்தால் அந்த ஆண்டே எங்காவது வெட்ட வேண்டும். செலவுப் பட்டியலில் பள்ளிக் கல்வி மேலேயே இருப்பதால் கத்தி முதலில் அங்கேதான் போகும். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு பல மாநிலங்களில் நடந்ததைப் பார்த்தால், விதவிதமான தவறுகளுக்கு அடியில் ஒன்றுதான் இருக்கிறது. துண்டு விழுந்த தொகையை அடைப்பதில்லை. அதை வேறொருவர் கணக்கில் ஏற்றிவிட்டு, பட்ஜெட் சமமாகிவிட்டது என்று அறிவித்துவிடுகிறார்கள்.

எல்லாருக்கும் ஒரே சதவீதம் குறைப்பது நியாயம் போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே பள்ளிகளுக்கான பணம் பெரும்பாலும் மாநில மானியத்திலிருந்தும் உள்ளூர் சொத்து வரியிலிருந்தும் வருகிறது. வீட்டு மதிப்பு அதிகமுள்ள பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) தன் செலவில் 20 சதவீதத்துக்கு மட்டுமே மாநிலத்தை நம்பியிருக்கலாம். ஏழை மாவட்டம் 70 சதவீதத்துக்கு நம்பியிருக்கும். மானியத்தை 10 சதவீதம் குறைத்தால் முதல் மாவட்டத்துக்கு 2 சதவீத இழப்பு, இரண்டாவதற்கு 7 சதவீதம். பென்சில்வேனியாவில் 2011-இல் ஆளுநர் டாம் கார்பெட் காலத்தில் 80 கோடி டாலருக்கு மேல் குறைக்கப்பட்டபோது, மாணவர் ஒருவருக்கான இழப்பு ஏழை மாவட்டங்களில்தான் அதிகம். 2013-இல் அம்மாநிலத்தின் பிலடெல்பியா நகரம் 23 பள்ளிகளை மூட முடிவெடுத்தது. ஏறத்தாழ 3,800 ஊழியர்களுக்கு ஆட்குறைப்பு நோட்டீஸ் போனது. அந்த மாநிலத்தின் பள்ளி நிதி முறையே அரசியலமைப்புக்கு எதிரானது என்று 2023-இல் அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தள்ளிப்போடுவது இன்னும் வசதியான தவறு. கலிபோர்னியா இதில் கைதேர்ந்தது. ஜூன் மாதம் பள்ளிகளுக்குத் தர வேண்டிய பணத்தை ஜூலையில் தந்தால், நிதியாண்டு மாறிவிடுவதால் அந்தச் செலவு இந்த ஆண்டுக் கணக்கிலேயே வராது. ஆனால் ஆசிரியர் சம்பளமும் மின் கட்டணமும் ஜூனிலேயே கட்டியாக வேண்டும். கையிருப்பு உள்ள மாவட்டம் சமாளித்துக்கொள்ளும். இல்லாத மாவட்டம் குறுகிய காலக் கடன் வாங்கி வட்டி கட்டும். அந்த வட்டி வகுப்பறைக்குப் போக வேண்டிய பணம். 2011-12 வாக்கில் இப்படித் தள்ளிப்போட்ட தொகை 1,000 கோடி டாலரை எட்டியிருந்தது. அதைத் தீர்க்க வழி பிறந்ததே, 2012 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த 30-ஆம் முன்மொழிவின் மூலம் வாக்காளர்கள் கூடுதல் வரிக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான். 2020-இலும் இதே வேலையைச் செய்தார்கள். அந்த முறை வருவாய் எதிர்பாராமல் கூடியதால் சீக்கிரமே திருப்பித் தர முடிந்தது. அப்படி நடந்ததை வைத்து இதை ஒரு நல்ல வழி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம், பள்ளி நாட்களை வெட்டுவது. எனக்கு இதுதான் மன்னிக்க முடியாததாகத் தோன்றுகிறது. ஹவாயில் மாநிலம் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம். 2009-10 கல்வியாண்டில் 17 நாட்கள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில், பள்ளிகளை மூடினார்கள். 180 நாள் படிப்பு 163 நாளாகச் சுருங்கியது. மிச்சமானது ஆசிரியர்களின் சம்பளம். குழந்தையை யாரிடம் விடுவது, மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற செலவெல்லாம் பெற்றோர் தலையில் விழுந்தது. 2010 ஏப்ரலில் பெற்றோர் ஆளுநர் அலுவலகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். கடைசியில் புயல் நிவாரண நிதியிலிருந்து 5.7 கோடி டாலர் எடுத்துத்தான் அடுத்த கல்வியாண்டின் வெள்ளிக்கிழமைகள் மீட்கப்பட்டன. அந்த நிதி முதலிலிருந்தே இருந்தது என்பதுதான் வேதனை.

வாரத்துக்கு நான்கு நாள் பள்ளி என்பதும் இதன் இன்னொரு வடிவம். 2018-க்குள் ஓக்லஹோமாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாவட்டம் அதற்கு மாறியிருந்தது. ஆனால் மாநிலங்களின் கல்வி ஆணையம் 2011-இல் வெளியிட்ட ஆய்வுப்படி, இதில் அதிகபட்சம் 5.43 சதவீதம்தான் சேமிக்க முடியும். உண்மையில் மிச்சமானது 0.4 முதல் 2.5 சதவீதம். காரணம் எளிது: பள்ளிச் செலவில் பெரும்பங்கு சம்பளம். சம்பளத்தைத் தொடாவிட்டால் பேருந்து, மின்சாரம், உணவு ஆகியவற்றில்தான் கொஞ்சம் குறையும்.

ஒருமுறை வரும் பணத்தை நிரந்தரச் செலவுக்கு ஒதுக்குவதும் ஆபத்து. கொரோனா காலத்தில் மத்திய அரசு பள்ளிகளுக்கென மூன்று தவணைகளில் ஏறத்தாழ 19,000 கோடி டாலர் தந்தது. கடைசித் தவணையை 2024 செப்டம்பர் 30-க்குள் ஒதுக்கியாக வேண்டும் என்று நாளும் குறித்திருந்தது. அதை நம்பிப் புதிதாக ஆள் எடுத்த மாவட்டங்கள் கெடு முடிந்ததும் ஆட்குறைப்பில் இறங்க வேண்டியதாயிற்று. பழுது பார்ப்பு, பயிற்சி வகுப்பு, புத்தகம் என்று ஒருமுறைச் செலவுகளுக்குப் பயன்படுத்தியிருந்தால் இந்த நெருக்கடி இவ்வளவு கடுமையாக இருந்திருக்காது. ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாமல் விடுவதும் இதே ரகம்தான். நியூஜெர்சி 2011 நிதியாண்டில் 310 கோடி டாலரைக் கட்டாமல் விட்டது. அந்தக் கடன் எங்கேயும் போகவில்லை, பின்னால் வந்தவர்கள் சுமக்கிறார்கள்.

ஆட்குறைப்பு தவிர்க்க முடியாததாகவே இருக்கட்டும். அப்போதும் சீனியாரிட்டியை மட்டும் பார்த்தால் அடி ஒரே இடத்தில் விழும். புதிய ஆசிரியர்கள் பெரும்பாலும் ஏழைப் பகுதிப் பள்ளிகளில்தான் பணியமர்த்தப்படுகிறார்கள். 2009-இல் லாஸ் ஏஞ்சலஸில் மார்க்கம், காம்பர்ஸ், லியெக்டி ஆகிய மூன்று நடுநிலைப் பள்ளிகள் பெருமளவு ஆசிரியர்களை இழந்து, விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது.

செலவுப் பக்கத்தை மட்டுமே பார்ப்பது கடைசித் தவறு. கன்சாஸில் 2012-இல் ஆளுநர் சாம் பிரவுன்பேக் வருமான வரியைப் பெரிதாகக் குறைத்தார். பல சிறு தொழில்களின் வருமானத்துக்கு மாநில வரியே இல்லாமல் போனது. பற்றாக்குறை அரசே உண்டாக்கியது. 2015-இல் சில மாவட்டங்கள் பணமில்லாமல் கல்வியாண்டைச் சில நாட்கள் முன்னதாகவே முடித்தன. 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம், நிதியைச் சரிசெய்யாவிட்டால் ஜூன் 30-க்குப் பிறகு பள்ளிகள் இயங்க முடியாது என்று எச்சரித்தது. 2017 ஜூனில், பிரவுன்பேக்கின் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம் அவருடைய மறுப்பாணையை (வீட்டோ) மீறி, அந்த வரிக் குறைப்பில் பெரும்பகுதியை ரத்து செய்தது. பள்ளி நிதி போதுமானது என்று நீதிமன்றம் ஒப்புக்கொள்ள மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின.