நால்வர் குழுவின் முதல் கிறிஸ்தவ ஆல்பம்: ஹார்மனியைப் பதிவு செய்யும் முறை

அமெரிக்காவின் ஆர்கன்சாவில் உள்ள வாஷிட்டா பாப்டிஸ்ட் பல்கலைக்கழகத்தில் உருவான பெண்கள் குழு பாயிண்ட் ஆஃப் கிரேஸ்; முதல் ஆல்பத்தின்போது அதில் நால்வர் இருந்தார்கள். 1993-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்திலிருந்து ஆறு பாடல்கள் கிறிஸ்தவ வானொலிப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் சேர்ந்து பாடும் அந்த ஹார்மனிப் பாணியில் ஆல்பம் செய்ய நினைக்கும் குழு, ஸ்டூடியோவுக்குப் போவதற்கு முன் அதை ஹெட்ஃபோனில் பலமுறை கேட்பது நல்லது.

முதல் வேலை ஸ்கேல், அதாவது பாட்டைப் பாடும் சுருதி. இந்தப் பாணியில் கடைசிக் கோரஸ் (பல்லவி) அரைக் கட்டையோ ஒரு கட்டையோ ஏறுவது வழக்கம். லீட், அதாவது முதன்மை மெட்டைப் பாடுபவரின் உச்ச சுரத்தை அந்த ஏற்றத்துக்குப் பிறகு பாருங்கள். முதல் கோரஸில் 'பி' வரை சுகமாகப் போகிறவர், ஒரு கட்டை ஏறியதும் 'சி ஷார்ப்'பில் திணறுவார். அவருக்கு மேலே மூன்றாம் சுரம் பிடிப்பவர் 'ஈ' வரை போக வேண்டியிருக்கும். ஒத்திகையிலேயே ஸ்கேலைக் குறைத்துவிடுங்கள்.

அடுத்தது சொல் முடிவுகள். பெரும்பாலான பதிவுகள் கெடுவது இங்கேதான். 'ஸ்தோத்திரம்' என்று நீட்டும்போது ஒருவர் 'ம்' என்று முன்னதாக உதட்டை மூடினால் அந்த சுரமே அமுங்கிப்போகும். எந்தத் தாளத்தில் மூடுவது, எங்கே மூச்சு எடுப்பது என்று பாட்டுத்தாளில் பென்சிலால் குறியுங்கள். 'ஸ்', 'ச்' ஒலிகளை ஒருவர் மட்டும் தெளிவாகச் சொல்லட்டும், மற்றவர்கள் மென்று விடட்டும். நால்வரும் சொன்னால் சீறல் நான்கு மடங்காகக் கேட்கும். உயிரெழுத்துக்கு வாய் திறக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹார்மனியில் குரலை அசைக்காமல் நேராகப் பிடியுங்கள்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். உச்ச ஒலி மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். கிளிக் (ஹெட்ஃபோனில் தாளம் காட்டும் சத்தம்), வழிகாட்டி பியானோ, முழு லீட், பிறகு ஹார்மனி என்ற வரிசையில் போங்கள். லீடுக்கு மைக்கிலிருந்து 15 முதல் 20 செ.மீ., ஹார்மனிக்கு 30 செ.மீ. மிக நெருங்கினால் அடிக்குரல் கனத்து, அடுக்கும்போது குழம்பும். ஹார்மனியில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றையும் நால்வரும் சேர்ந்து இரண்டு முறை பாடினால் 24 குரல் கிடைக்கும். மூடிய வகை ஹெட்ஃபோனில் ஒரு காதை விலக்கிக்கொண்டு பாடுவோர், அந்தப் பக்க ஒலியை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கிளிக் மைக்கில் ஏறும்.

சுருதித் திருத்தத்தில் நிதானம் தேவை. மேஜர் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டின்) மூன்றாம் சுரம் இயல்பாகவே பியானோவை விட ஏறத்தாழ 14 சென்ட் (அரைக் கட்டையில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்வாக இருந்தால்தான் இனிக்கும். வாத்தியம் இல்லாத இடத்தில் அதை அப்படியே விடுங்கள். பியானோ வரும் இடத்தில் மட்டும் அதன் சுருதிக்குக் கொண்டுவாருங்கள்.

மிக்ஸிங்கில் ஹார்மனியின் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, இரண்டு டேக்குகளையும், அதாவது இரண்டு முறை பாடிப் பதிந்தவற்றையும், இடம், வலம் என்று பிரியுங்கள். பிறகு மோனோவில், அதாவது ஒரு ஃபோன் ஸ்பீக்கரில் கேளுங்கள். ஹார்மனி மெலிந்து காணாமல் போனால், யாரோ இரண்டாவது டேக் பாடாமல் முதல் டேக்கையே நகலெடுத்துச் சில மில்லி நொடி தள்ளி வைத்திருப்பார்கள். அந்தப் பகுதியை மறுபடியும் பாடிப் பதியுங்கள்.