கத்தினால் கேட்கும் தூரத்தில் இன்னொரு கல்லூரி

போன வாரம் சித்தி மகன் கூப்பிட்டான். காசா போரைக் கண்டித்து அவன் கல்லூரி வாசலில் பதினோரு பேர் ஒரு மணி நேரம் வாயில் துணி கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்துக் கல்லூரிக்கே தெரியவில்லையாம். பாளையங்கோட்டையில் பக்கத்துக் கல்லூரி என்றால் எவ்வளவு தூரம்? கத்தினால் கேட்கும். “அக்கா, எல்லாக் காலேஜையும் சேத்து ஒரு வாட்ஸப் குரூப் போட்டா சரியாயிருமா?” என்றான். ஆகாது என்றேன். கல்லூரிக்குக் கல்லூரி செய்தி எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்று அவனிடம் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எனக்கு இதில் என்ன அனுபவம் என்றால், 2013 மார்ச். நான் அப்போது கணிதம் இரண்டாம் ஆண்டு. ஈழத்தில் போர் முடிந்து நான்கு வருடம் ஆகப்போகிறது, அங்கே தமிழர்களைக் கொன்றதற்கு விசாரணை இல்லை. மார்ச் 8 அன்று சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானத்துக்கு 21ஆம் தேதி ஓட்டெடுப்பு. இடையில் இருந்த இரண்டு வாரத்தில் தமிழ்நாடு முழுக்கக் கல்லூரிகள் தெருவுக்கு வந்தன. எங்கள் பக்கத்தில் எந்தக் கல்லூரி எப்போது எங்கே உட்காருகிறது என்று விசாரித்து மற்றவர்களுக்குச் சொல்வது என் தலையில் விழுந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

முதலில் ஆள். கல்லூரிக்கு இரண்டு பேர் போதும். மேடையில் பேசுகிறவர் வேண்டாம், அவர் போனை எடுக்கவே மாட்டார். கூப்பிட்டால் எடுக்கிற, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளாகப் பாருங்கள். இரண்டு பேரில் ஒருவர் விடுதி, ஒருவர் வீட்டிலிருந்து வந்து போகிறவர். நான் முதலில் பிடித்தது முழுக்க விடுதிப் பிள்ளைகள். மார்ச் நடுவில் அரசு கல்லூரிகளை மூடி விடுதிகளைக் காலி செய்யச் சொன்னதும் சாயங்காலத்துக்குள் எல்லாரும் பெட்டியோடு புது பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். மொபைல்தானே, எங்கே போனாலும் பேசலாம் என்று நினைத்தேன். மறுநாள் ஒவ்வொரு நம்பராகப் போட்டால் எடுத்ததெல்லாம் அப்பாக்கள். “யாரும்மா நீ? என்ன விஷயம்?” ஏழு அப்பாக்களிடம் ஏழு கணக்கு நோட்டுக் கேட்டேன். அதனால் நம்பர் வாங்கும்போதே, வீட்டில் இருந்தால் எத்தனை மணிக்குப் பேசலாம், யார் எடுப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகளிடம் கட்டாயம் கேளுங்கள்.

அந்த ஆட்களை எங்கே போய்ப் பிடிப்பது? ஏற்கெனவே கலந்து உட்காருகிற இடம் ஒன்று எங்காவது இருக்கும். எனக்கு அது செங்கோட்டை பாசஞ்சர். அந்தத் தடம் முந்தின வருடம்தான் அகலப் பாதையாகியிருந்தது. ஒரே பெட்டியில் பாவூர்சத்திரம், கீழக்கடையம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி என்று ஏறுகிற பிள்ளைகள் நாலைந்து கல்லூரிக்காரர்கள். ஒருத்தி மல்லிகைப்பூ கட்டிக்கொண்டே வருவாள், அவளுக்குத் தெரியாத கல்லூரிச் செய்தி கிடையாது. திருச்செந்தூர் வண்டியிலும் இதே கதைதான், அந்தப் பக்கத்துக்கு அங்கே ஒரு பையனைப் பிடித்தோம். ரயில் இல்லையென்றால் என்.எஸ்.எஸ். முகாம், பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி, டியூஷன் இருக்கவே இருக்கிறது. ஒரு தடவையாவது முகம் பார்த்த பிறகு போனில் பேசுங்கள். குரல் தெரிந்தால்தான் ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிற பரபரப்பான செய்தியில் பாதியைத் தள்ளிவிட முடியும்.

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் காலை ஏழு, ராத்திரி ஒன்பது. அந்த வருடம் மின்வெட்டு எப்படியிருந்தது என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். போனில் சார்ஜ் இருக்கிற நேரத்தைக் கணக்குப் பார்த்து வைத்த மணி அது. இன்று கரன்ட் இருக்கிறது, ஆனாலும் நேரம் வையுங்கள். இல்லையென்றால் எல்லாரும் எல்லாரையும் நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

இனி நோட்டு. நாற்பது பக்க நோட்டுதான். குறுக்கே கோடு போட்டு ஐந்து கட்டம்: கல்லூரி, சொன்னது யார், என்ன சொன்னார், மணி, கடைசியில் ஒரு சின்னக் கட்டம். அதில் ‘க’ என்றால் சொன்னவர் கண்ணால் பார்த்தது. ‘கே’ என்றால் கேள்விப்பட்டது. ‘கே’ போட்ட எதையும் அடுத்த கல்லூரிக்கு அனுப்பக் கூடாது, அங்கே இருக்கிற இன்னொருவரைக் கூப்பிட்டுக் கேட்டு ‘க’ ஆக்கிய பிறகுதான் அனுப்ப வேண்டும். ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன், 1970 மே மாதம் அமெரிக்காவில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற சமயத்தில் பிராண்டைஸ் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு தகவல் மையம் வைத்து, எந்தக் கல்லூரியில் வேலைநிறுத்தம், எங்கே என்ன நடக்கிறது என்று நாடு முழுக்கத் திரட்டிச் செய்திமடல் போட்டார்களாம். வியட்நாம் போர்க் காலம். அவர்களுக்குத் தொலைபேசியும் அச்சு மிஷினும். எனக்கு மூன்று ரேனால்ட்ஸ் பேனா.

இந்த ‘க’, ‘கே’ எனக்கு முதல் நாளே தோன்றியதில்லை. பட்ட பிறகு வந்தது. ஒரு மத்தியானம், “வண்ணார்பேட்டையில் தடியடி, ஒரு பையன் செத்துவிட்டான்” என்று எஸ்.எம்.எஸ். வந்தது. கை நடுங்க அறுபது பேருக்குத் தட்டிவிட்டேன். தடியடியும் இல்லை, சாவும் இல்லை. வெயிலில் மயங்கி விழுந்த பையனைப் பக்கத்துக் கடை நிழலில் படுக்க வைத்து நன்னாரி சர்பத் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு விடுதியில் பிள்ளைகள் அழுகிறார்கள், ஒருத்தியின் அம்மா ஆலங்குளத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். தப்பு என்று திருப்பி அனுப்பலாம் என்றால் அன்றைய நூறு எஸ்.எம்.எஸ். தீர்ந்துபோயிருந்தது. அதற்கு மேல் ஒன்றுக்கு ஐம்பது பைசா, போனில் இருந்தது நாலு ரூபாய். எட்டுப் பேருக்குத்தான் போயிற்று. அந்தக் கல்லூரி மறுநாள் வரவில்லை.

செய்தி எழுதுகிற விதம். ‘நாளை’ என்ற வார்த்தையைத் தொடவே தொடாதீர்கள். ஃபார்வேர்டு மூன்று நாள் சுற்றும், எவனுக்கோ எப்போதோ அது நாளையாகவே இருக்கும். இப்படி எழுதுங்கள்: “மார்ச் 14, வியாழன். காலை 10 முதல் மாலை 4. கல்லூரி முன்வாசல் வேப்பமரம். தண்ணீர் பாட்டில் கொண்டுவரவும். மாற்றம் இருந்தால் காலை 7 மணிக்குச் சொல்லப்படும்.” கிழமை போடச் சொல்லிக் கொடுத்தவர் ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி. ஒரு ஏ4 தாளில் நாலு நோட்டீஸ் வருகிற மாதிரி எழுதிக்கொண்டு போனால் வாங்கி மூக்குக்கிட்ட வைத்துப் படிப்பார். “எம்மா, தேதி போட்ருக்க, கிழம எங்க? ரெண்டும் ஒத்து வருதான்னு காலண்டரப் பாரு.” இரண்டு தடவை ஒத்துவரவில்லை. நாலாக வெட்டியும் அவரே கொடுப்பார், வெட்டுக்கூலி கேட்டதில்லை.

சரி, வாட்ஸப். வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்லூரிக்கு ஒரு குரூப் அவரவர் வைத்துக்கொள்ளட்டும், அட்மின் மட்டும் எழுதுகிற மாதிரி. கல்லூரிகளுக்கு நடுவில் அந்த இரண்டிரண்டு பேர் மட்டும் தனியாக. எல்லாரையும் ஒரே குரூப்பில் கொட்டினால் எல்லா நம்பரும் எல்லாருக்கும் தெரியும், ராத்திரியே பெண்பிள்ளைகளுக்கு ‘ஹாய்’ வர ஆரம்பிக்கும், மறுநாள் அவர்கள் குரூப்பில் இருக்க மாட்டார்கள். சிக்னல் என்ற செயலியில் இப்போது நம்பர் காட்டாமல் பயனர் பெயர் வைத்துப் பேசலாம், நடுவில் இருக்கிறவர்களுக்கு அது நல்லது. வாட்ஸப்பில் ஒரு தடவைக்கு ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வேர்டு போகாது என்று பையன்கள் சலித்துக்கொள்கிறார்கள். 2013இல் எனக்கு அப்படி ஒரு தடை இருந்திருந்தால் ஆலங்குளம் அம்மாவுக்கு ஆட்டோச் செலவு மிச்சம்.

பரீட்சைத் தேதியைப் பாருங்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு அட்டவணை தனி, மற்றவற்றுக்கு ஒன்றுதான். பிராக்டிகல் நடக்கிற வாரத்தில் யாரும் வர மாட்டார்கள், வரவில்லை என்று கோபப்படவும் கூடாது.

ஜெனீவாவில் 21ஆம் தேதி தீர்மானம் நிறைவேறியது, இந்தியாவும் ஆதரித்து ஓட்டுப் போட்டது. நாங்கள் கேட்ட அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. கல்லூரிகள் திரும்பத் திறந்தபோது பரீட்சை நெருங்கியிருந்தது.

“அக்கா, அந்த நோட்டு இருக்கா? ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்” என்றான் சித்தி மகன். கட்டம் போட்ட பக்கங்களை அனுப்பினேன். பின்பக்கம் நம்பர் எழுதியிருந்த நாலு தாளை மட்டும் அந்த ஏப்ரலிலேயே கிழித்துக் கீழக்கடையம் வீட்டில் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். நீயும் வேலை முடிந்ததும் அதைச் செய்துவிடு, மறக்காதே என்றேன்.