பங்க் ரிஃபை மூழ்கடிக்கும் கெய்ன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பில் டிஸ்டார்ஷனை ஏற்றும் கெய்ன் நாபை முழுக்கத் திருப்பினால் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, பெரிதாகிவிடும் என்று நம்பித்தான் பலரும் தொடங்குகிறோம். அறையில் தனியாக வாசிக்கும்போது அது உண்மை போலவே இருக்கும். டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் சேர்ந்ததும் கிட்டாரைக் காணோம். பின்னால் ஓர் இரைச்சல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

டிஸ்டார்ஷன் என்பது ஒலி அலையின் உச்சிகளை வெட்டுவது. கெய்ன் ஏற ஏற, மெதுவாக அடித்ததும் ஓங்கி அடித்ததும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து விழும். வேகமான டவுன்ஸ்ட்ரோக்கில் (மேலிருந்து கீழே அடிப்பதில்) ஒவ்வோர் அடியும் தனியாகக் கேட்பதுதான் பங்க் ரிஃபின் உயிர். முதலில் பறிபோவதும் அதுதான். வலது உள்ளங்கை ஓரத்தைத் தந்தியில் லேசாக வைத்து அடித்து, அதாவது பாம் மியூட் செய்து பாருங்கள். 'ஜக் ஜக்' என்று நறுக்காமல் 'வூம்' என்று இழுத்தால் கெய்ன் அதிகம். கை கொஞ்சம் உழைத்தால்தான் சத்தம் சீறும் என்ற இடம் வரை குறையுங்கள். ரெக்கார்டிங்கில் இன்னும் குறைக்கலாம், ஏனென்றால் அதே ரிஃபை இரண்டு முறை வாசித்து இடம், வலம் என்று வைக்கும்போது கனம் தானாக வந்துவிடும். ஒரே டேக்கைக் காப்பி செய்து இருபுறமும் வைத்தால் அந்த அகலம் வராது.

சரி, கெய்னைக் குறைத்தால் பலம் போய்விடாதா? அதற்குத்தான் ஆம்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் வகை பெடல். அதன் டிரைவைக் (டிஸ்டார்ஷன் அளவை) கிட்டத்தட்ட பூஜ்யத்தில் வைத்து, லெவலை (வெளியே போகும் சத்தத்தை) ஏற்றுங்கள். அது பாஸை, அதாவது அடி ஒலிகளை, குறைத்து, மிட்டை, அதாவது நடு ஒலிகளை, தூக்கி ஆம்புக்கு அனுப்பும். டிஸ்டார்ஷனுக்கு முன்பே பாஸ் மெலிவதுதான் இதில் முக்கியம். பாஸோடு உள்ளே போய்க் குழம்பிய ஒலியை, பிறகு ஈக்யூவில் (ஒலிப் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பதில்) எவ்வளவு வெட்டினாலும் தெளிய வைக்க முடியாது.

அடுத்த தவறு மிட்டைக் குடைந்தெடுப்பது. தனியாகக் கேட்க அவ்வளவு கம்பீரமாக இருக்கும், அதனால்தான் ஏமாறுகிறோம். கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ், அதை ஒரு முழு சுரம் இறக்கும் டிராப் டி-யில் 73. பாஸ் கிட்டாரோ 41 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது, கிக் டிரம்மும் அந்தப் பக்கம்தான். அடிப்பகுதியை அவர்களிடம் விட்டுவிடுங்கள். மேலே சிம்பல்கள் நிரம்பியிருக்கும். கிட்டாருக்கு மிஞ்சுவது மிட்தான். அதையும் எடுத்துவிட்டால் ரிஃப் எங்கே நிற்கும்?

சின்ன சத்தத்தில் டோன் அமைப்பதும் இதே பள்ளத்தில்தான் தள்ளும். சத்தம் குறையும்போது நம் காதுக்கு பாஸும் ட்ரெபிளும் (மேல் ஒலிகளும்) குறைவாகக் கேட்கும். நாம் இரண்டையும் ஏற்றிவிடுவோம். வாசிக்கப்போகும் அளவிலேயே, முடிந்தால் பேண்டோடு, அமையுங்கள். கணினியில் நேரடியாக வாசிப்பவர்கள் கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியைப் போலி செய்யும் கேபினட் சிமுலேஷனை மறக்கவே கூடாது. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெருமளவு அடக்கிவிடும். அது இல்லாத டிஸ்டார்ஷன் கொசு ரீங்காரம்தான். வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டை ரொம்ப இறுக்கினாலும் தவறுதான், கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) வால் அறுபடும்.

அப்புறம் ட்யூனிங். வேகத்தில் இடது கை தந்தியை அழுத்திப் பிடித்தால் சுருதி ஏறும். கிளீன் டோனில் மன்னிக்கப்படுகிற அந்தப் பிசகு, ஹை கெய்னில் இரு சுரங்கள் சேர்ந்த பவர் கார்டையே அலைய வைக்கும். டோன் கரகரக்கிறது என்று நாபைத் தொடுவதற்கு முன் ட்யூனரைப் பாருங்கள்.