புதிய ராணுவக் கைத்துப்பாக்கி பற்றிய செய்தியைப் படிக்கும் முறை: புதுச்சேரி சொல்தா வீட்டுப் பிள்ளைகளுக்கு

பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறும் பெரியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்கிறோம். அந்த வீடுகளில் தாத்தா, தான் ஏந்திய கைத்துப்பாக்கியை 'மாக் 50' என்பார். இப்போது அதே ராணுவத்தில் சேர்ந்திருக்கும் பேரன் தன்னுடையதை 'குளோக்' என்பான். இரண்டுக்கும் இடையே நடந்த மாற்றத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புதிய துப்பாக்கியின் படத்தைப் பார்ப்பதற்கு முன், அது எதற்குப் பதிலாக வருகிறது என்று கண்டுபிடியுங்கள். பிரான்ஸ் 2020 ஜனவரியில் ஐந்தாம் தலைமுறை குளோக் 17-ஐத் தேர்ந்தெடுத்து அறிவித்தபோது, விடைபெற்றவை இரண்டு: 1950-ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கிய மாக் 50, பெரெட்டா 92-இன் பிரெஞ்சு வடிவமான பமாஸ். மூன்றுமே 9 மி.மீ. தோட்டாவையே சுடுபவை. ஆகவே, 'பெரிய குண்டுக்காக மாற்றினார்கள்' என்று யாராவது சொன்னால் அது தவறு. மாறியவை வேறு. மாக் 50-இன் மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டியில், 9 தோட்டாக்கள். குளோக் 17-இல் 17. மாக் 50-இல் முதல் தோட்டாவைச் சுடுவதற்கு முன், பின்புறம் உள்ள சுத்தியல் (தோட்டாவை வெடிக்கச் செய்ய அடிக்கும் பாகம்) பின்னுக்கு இழுக்கப்பட்டிருக்க வேண்டும். குளோக்கில் வெளியே தெரியும் சுத்தியலே இல்லை, உடற்பகுதியும் பாலிமர் என்ற உறுதியான பிளாஸ்டிக்கால் ஆனது.

அடுத்து வினைச்சொல்லைக் கவனியுங்கள். பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். பிரெஞ்சு அறிக்கையில் 'நொத்திஃபியே' என்றிருந்தால் ஒப்பந்தம் நிறுவனத்திடம் முறைப்படி வழங்கப்பட்டுவிட்டது என்று பொருள். 'கொமாந்தே' என்றால் ஆர்டர் கொடுக்கப்பட்டது. 'லிவ்ரே' என்றால்தான் பொருள் வந்து சேர்ந்தது. இம்மூன்றையும் ஒன்றாகக் கருதி, 'எல்லாப் படைவீரர்களின் கையிலும் வந்துவிட்டது' என்று சொல்லிவிடாதீர்கள். தேர்வுக்கும் படைப்பிரிவுக்கும் இடையே மாதங்களும் ஆண்டுகளும் கடக்கின்றன.

தொகையைப் படிக்கும்போது அது செலவா, உச்சவரம்பா என்று பாருங்கள். 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் சிக் சாயர் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கியை எம்17, எம்18 என்ற பெயர்களில் ஏற்றபோது பேசப்பட்ட 58 கோடி டாலர் உச்சவரம்பே. தோற்ற குளோக் நிறுவனம் முறையிட்டது. அதே ஆண்டு ஜூனில் முறையீடு நிராகரிக்கப்பட்டது. அந்த நிராகரிப்பு முடிவைத் தேடிப் படிக்கப் பரிந்துரைக்கிறேன்: இரு நிறுவனங்களின் மதிப்பிடப்பட்ட விலைகளுக்கிடையே சுமார் 10 கோடி டாலர் வேறுபாடு இருந்ததை அதில் காணலாம். சிறந்த துப்பாக்கி எது என்ற கேள்விக்கு இணையாக, கேட்ட விலை எவ்வளவு என்பதும் தேர்வில் எடைபோடப்படுகிறது.

துப்பாக்கிக்கு வெளியே உள்ளவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் அறிவித்தது ஏறத்தாழ 75,000 துப்பாக்கிகளை மட்டுமல்ல. தோட்டாக்கள், உறைகள், துணைப்பொருள்கள் ஆகியவையும் அதே ஏற்பாட்டில் அடங்கின. பழைய உறையில் புதிய துப்பாக்கி பொருந்தாது. பழைய மேகசினும் உதவாது.

தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் பாதுகாப்பு விசை பற்றிய வரியைத் தவறவிடக்கூடாது. அமெரிக்கர்களின் எம்17-இல் கட்டைவிரலால் இயக்கும் விசை உண்டு. பிரிட்டன் 2013-இல் தன் பழைய கைத்துப்பாக்கியான பிரௌனிங்குக்கு மாற்றாக ஏற்ற குளோக்கில் அத்தகைய தனிவிசை இல்லை. பாதுகாப்பு டிரிக்கரோடும் உள்ளமைப்போடும் இணைந்தே இருக்கிறது. ஒரே காலத்தில் இரு ராணுவங்கள் இரு விதமாகக் கேட்டதற்குக் காரணம் அவற்றின் பயிற்சி மரபே என்பது என் கருத்து. விசை இல்லாத துப்பாக்கி விரலின் ஒழுக்கத்தை அதிகம் நம்புகிறது.

இந்தியாவுக்கும் இதே வரிசையில் கேள்விகளைக் கேட்கலாம். இங்கே தொடக்கப்புள்ளி, இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்படும் 9 மி.மீ. 1ஏ கைத்துப்பாக்கி, பிரௌனிங்கின் வழிவந்தது, 13 தோட்டாக்கள் கொள்வது.

இறுதியாக, வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். 'எத்தனை பேரைச் சுட்டீர்கள்' என்று ஒருபோதும் கேட்காதீர்கள்; அது அவரை வருத்தும். 'உறையை இடுப்பின் எந்தப் பக்கம் கட்டினீர்கள், கழற்றித் துடைக்க எவ்வளவு நேரமாகும்' என்று கேளுங்கள். என் தாத்தா இதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. வெறுங்கையை மேசைமேல் வைத்து, பாகம் பாகமாக எடுத்து வைப்பதுபோல் வரிசை தவறாமல் செய்துகாட்டினார்.