நிலைக்கட்டில் காரவனைக் குளிர்காலத்துக்கு நிறுத்துவது எப்படி?

இங்கிலாந்தில் காருக்கு எம்ஓடி சோதனை உண்டு, அதாவது சாலையில் ஓடத் தகுதியா என்று வருஷா வருஷம் பார்ப்பது. அதன் பின்னால் இழுத்துப் போகும் காரவன் என்ற சக்கர வீட்டுக்குக் கிடையாது. வண்டி உள்ளுக்குள் உளுத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

தினமும் இருக்கையைப் பிரித்துப் படுக்கை போட வேண்டாம் என்பதற்காகத்தான் கட்டில் நிலையாகவே பொருத்திய நிலைக்கட்டில் வண்டியை வாங்குகிறோம். அந்த வசதியிலேயே ஒரு வினையும் இருக்கிறது. கட்டிலை யாரும் அசைப்பதில்லை. அதனால் அதன் அடியில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. அக்டோபர் கடைசியில் வண்டியை நிறுத்தும்போது முதல் வேலை அங்கேதான்.

படி 1: மெத்தையைத் தூக்குங்கள்

இரவெல்லாம் இருவர் விடும் மூச்சின் ஈரமும் வியர்வையும் மெத்தை வழியாக இறங்கி, கீழே குளிர்ந்த பலகையில் நீராகப் படியும். இட்லிப் பானை மூடியின் உட்புறம் மாதிரி. மெத்தையைச் சுவரில் ஒட்டாமல் நிமிர்த்தி வையுங்கள். கட்டிலின் அடிப்பெட்டியைக் காலி செய்து மூடியைத் திறந்தே விடுங்கள். தரையில் உள்ள காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். கேஸ் கசிந்தால் கீழே வெளியேறும் வழியும் அதுதான்.

படி 2: ஈரத்தை அளந்து எழுதுங்கள்

இரண்டு ஊசி உள்ள சின்ன டேம்ப் மீட்டர் (ஈரமானி) போதும். ஊசி குத்திய தடம் விழும் என்பதால் பெட்டிக்குள், மெத்தை மறைக்கும் இடம் என்று பார்த்துக் குத்துங்கள். மூலைகள், ஜன்னலுக்குக் கீழே, கூரை ஜன்னலைச் சுற்றி, எதையும் விடாதீர்கள். 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 15 முதல் 20 வரை என்றால் மூன்று மாதத்தில் மறுபடி பாருங்கள். 20-ஐத் தாண்டினால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். 30-க்கு மேல் போனால் உள்ளே மரச்சட்டம் கெட்டிருக்கலாம்.

ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். தரைப்படம் ஒன்று வரைந்து அதே இடங்களில் வருஷா வருஷம் குறித்து வையுங்கள். என் வண்டியில் கட்டிலின் தலைமாட்டு மூலை மூன்று வருஷம் 12-லேயே நின்றது. நாலாவது வருஷம் 24. சுவரில் ஒரு கறைகூட இல்லை. கட்டைவிரலால் அழுத்தினேன், டீயில் நனைத்த பிஸ்கட் போல மெத்தென்று உள்ளே போனது. வெளியே அவ்னிங் ரெயிலின் (கூடாரத் துணியை மாட்டும் தண்டவாளம்) கீழிருந்த மாஸ்டிக் என்ற அடைப்புப் பசை காய்ந்து, தலைமுடி அகலத்துக்கு வெடித்திருந்தது. ரெயிலைக் கழற்றிப் பழையதைச் சுரண்டிப் புதிதாக வைத்தால்தான் தீர்வு. மேலே ட்யூபிலிருந்து பசையைப் பூசி மறைப்பது, ஒழுகும் ஓட்டின் கீழ் வாளி வைக்கிற கதை.

படி 3: ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சம் வைக்காதீர்கள்

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். குழாயும் ஹீட்டரும் தாங்காது. பம்பை நிறுத்தி, ஹீட்டரின் வடிகால் வால்வைத் திறந்து, எல்லாக் குழாய்களையும் திறந்து விடுங்கள். ஒற்றைக் கைப்பிடிக் குழாயை நடுவில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் தள்ளி வைத்தால் வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டில் ஒன்று உள்ளேயே தங்கிவிடும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஷவர் தலையைத் தரையில் கிடத்துங்கள்.

படி 4: மற்றவை

கேஸ் சிலிண்டரை மூடுங்கள். ஃபிரிட்ஜ் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை நாற்றம் அடிக்கும். அலாரம் சத்தமில்லாமல் பேட்டரியைக் குடிக்கும், 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிடுங்கள், பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளாது. அப்படியே டயரில் உள்ள நாலு இலக்கத்தையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் செய்தது. காரவன் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஐந்து வருஷத்தில் மாற்றுங்கள், ஏழைத் தாண்ட வேண்டாம்.

ஜனவரியில் மழை விட்ட ஒரு நாள் மீட்டரை எடுத்துக்கொண்டு போய், அந்த மூலைகளை மறுபடி குத்திப் பாருங்கள்.